பாரம் தூக்கும் திருகு ஜாக்கி: டிரெய்லர் வைத்திருக்கும் விவசாயிகள் அறிய வேண்டியவை

கட்டை வண்டிக் காலத்தில் அச்சுக்கு மை போட வேண்டுமானால், வண்டியை ஒருவர் தோள் கொடுத்துத் தூக்குவார். மற்றொருவர் அச்சின் கீழே முட்டுக்கட்டையை நிறுத்துவார். பிறகு கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்து மை தடவுவார்கள். வெற்று வண்டிக்கு இரண்டு ஆள் பலமே போதுமானதாக இருந்தது. கட்டை சரிந்தாலும் பெரும்பாலும் காலில் அடிபடுவதோடு போயிற்று.

இன்று நிலைமை வேறு. டிராக்டரின் பின்னே ஓடும் இருசக்கர டிரெய்லர் 4 டன் கரும்போ நெல்லோ ஏற்றிக்கொண்டு போகிறது. வழியில் ஒரு சக்கரம் காற்று இறங்கி நின்றுவிட்டால் எத்தனை பேர் தோள் கொடுத்தாலும் அது அசையாது. அப்போது கை கொடுப்பது ஜாக்கி. ஆனால், முட்டுக்கட்டை போட்டு வேலை செய்த பழக்கத்தைப் பலர் ஜாக்கி வந்ததும் விட்டுவிட்டனர். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் டிரெய்லரின் கீழே தலையை விடுவது, முட்டில்லாத தேர்ச் சக்கரத்தின் முன்னால் படுப்பதற்குச் சமம். ஆகவே, ஜாக்கி எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு தாங்கும், எங்கே ஏமாற்றும் என்பதை டிரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும், ஓட்டுநரும் தெரிந்துகொள்வது அவசியம்.

திருகு பாரத்தைத் தூக்குவது எப்படி?

எண்ணெய் டின்னை நேராக வண்டியில் தூக்கி வைக்க முடியாதபோது, ஒரு பலகையைச் சாய்த்து வைத்து உருட்டி ஏற்றுகிறோம். பலகை நீளமாக, சாய்வு குறைவாக இருந்தால் உருட்டுவது எளிது. ஆனால், அதிக தூரம் உருட்ட வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை போட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். நேராக ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி, சிறிது சிறிதாக ஏறிவிடுகிறோம்.

திருகும் ஒரு சாய்வுப் பாதையே. ஒரு காகிதத்தை முக்கோணமாக வெட்டி ஒரு பென்சிலின் மேல் சுற்றிப் பார்த்தால், அதன் சாய்ந்த ஓரம் திருகின் மரை போலவே ஏறிச் செல்வதைக் காணலாம். ஜாக்கியின் அடிப்பாகம் வார்ப்பு இரும்பாலோ எஃகாலோ ஆன கூம்பு போன்ற கூடு. அதன் மேல்வாயில் நட்டு பொருத்தப்பட்டிருக்கும். நட்டின் உள்ளே கனமான எஃகுத் திருகு ஏறி இறங்கும். திருகின் தலையில் கம்பி நுழைக்கத் துளைகள் இருக்கும். உச்சியில் உள்ள தொப்பி திருகோடு சேர்ந்து சுழலாமல், அச்சைப் பிடித்தபடி நிற்கும்.

கம்பியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் திருகு ஒரு மரையின் இடைவெளி அளவுக்கு மட்டும் உயரும். கை நீண்ட தூரம் சுற்றுகிறது, பாரமோ சிறிது தூரமே ஏறுகிறது. இந்தத் தூர வித்தியாசமே கையின் பலத்தைப் பல மடங்காக்குகிறது.

ஒரு சிறு கணக்கு

4 டன் கரும்பு ஏற்றிய டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். டிரெய்லரின் சொந்த எடை 1¼ டன் என்று கொண்டால் மொத்தம் 5,250 கிலோ. இதில் சுமார் 750 கிலோ முன் கொக்கி வழியாக டிராக்டரின் மேல் விழுகிறது என வைத்துக்கொள்வோம். மீதி 4,500 கிலோவை இரண்டு சக்கரங்களும் தாங்குகின்றன. ஆகவே ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் வரும் பாரம் 2,250 கிலோ.

ஜாக்கிக் கம்பியின் நீளம் 50 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்குக் கை செல்லும் தூரம் 314 செ.மீ. மரை இடைவெளி 8 மி.மீ. என்றால், அதே சுற்றில் பாரம் உயர்வது 0.8 செ.மீ. மட்டுமே. 314ஐ 0.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 392. அதாவது உராய்வே இல்லையென்றால் கையின் பலம் 392 மடங்காகும். 2,250 கிலோவைத் தூக்க 6 கிலோவுக்கும் குறைந்த விசை போதும்.

நடைமுறையில் அவ்வாறு இல்லை. மரையோடு மரையும், தலையோடு தொப்பியும் உராய்வதால் நாம் கொடுக்கும் விசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் பாரத்தைத் தூக்கப் பயன்படுகிறது. எனவே, உண்மையில் தேவைப்படும் விசை சுமார் 29 கிலோ. ஒரு ஆள் இரண்டு கையாலும் தள்ளக்கூடிய விசைதான் இது. வெற்று டிரெய்லரானால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 550 கிலோ வரும். அதற்கு 7 கிலோ விசையே போதும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். சரியான ஜாக்கி, சரியான கம்பியோடு வேலை செய்யும்போது ஒரு ஆள் பலத்துக்கு மேல் தேவைப்படாது. இரண்டு பேர் தொங்கியும் கம்பி திரும்பவில்லை என்றால் பாரம் மிகுதி, அல்லது மரை காய்ந்து துரு ஏறியிருக்கிறது, அல்லது திருகு சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்நிலையில் கம்பியின் மேல் நீண்ட குழாயைச் செருகி நெம்புவது கூடாது. குழாய் ஆளின் பலத்தைக் கூட்டுமே தவிர, ஜாக்கியின் பலத்தைக் கூட்டாது.

உராய்வும் ஒரு நன்மையே

ஐந்தில் நான்கு பங்கு விசையை உராய்வு தின்றுவிடுகிறதே என்று வருந்த வேண்டியதில்லை. கொடுத்த விசையில் பாதிக்கு மேல் உராய்வில் போகும் திருகை, மேலே இருக்கும் பாரம் தானாகத் திருப்பி இறக்க முடியாது. கம்பியிலிருந்து கையை எடுத்தாலும் திருகு நின்ற இடத்திலேயே நிற்கும். திருகு ஜாக்கியின் தனிச்சிறப்பு இதுவே.

எண்ணெய் ஜாக்கியில் இந்த வசதி இல்லை. அதில் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட எண்ணெய். அதை அடித்து ஏற்றுவது எளிது, விரைவும் அதிகம். ஆனால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, வால்வில் தூசி சிக்கினாலோ பாரம் சிறிது சிறிதாகவோ திடீரென்றோ இறங்கிவிடும். வயல் தூசியிலும் சேற்றிலும் கிடக்கும் ஒரு கருவிக்கு இது பெரிய குறை. அடிக்கடி வேலை நடக்கும் பட்டறைக்கு எண்ணெய் ஜாக்கி ஏற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் குறைவின்றி வேலை செய்ய வேண்டிய டிரெய்லர் பெட்டிக்குத் திருகு ஜாக்கி ஏற்றது.

தானாக இறங்காது என்பதால் திருகு ஜாக்கியை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. திருகு இறங்காமல் நிற்கும்போதே ஜாக்கி முழுவதும் சாய்ந்து விழக்கூடும். பெரும்பாலான ஆபத்து சாய்வதால் வருவதே. டிரெய்லர் ஒரு சாண் முன்னே நகர்ந்தாலும், அடிக்கட்டை ஒரு பக்கம் புதைந்தாலும் ஜாக்கி சாயும்.

எந்த வகை ஜாக்கி?

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, மேலே சொன்ன கூம்பு வடிவத் திருகு ஜாக்கி. உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. இரண்டாவது, பல் சக்கரம் வைத்த திருகு ஜாக்கி. இதில் கைப்பிடியைப் பக்கத்தில் நின்று சுற்றலாம். குறுகிய இடத்துக்கு ஏற்றது. ஆனால், பல் சக்கரங்களில் மண் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கார்களோடு வரும் கத்தரி ஜாக்கி. இது காரின் ஒரு மூலையைத் தூக்குவதற்கென்று செய்யப்பட்டது. இதை டிரெய்லருக்கோ டிராக்டருக்கோ வைக்கவே கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. தாங்கும் திறன்: எத்தனை டன் என்பது ஜாக்கியின் உடலிலேயே பதிந்திருக்க வேண்டும். வரும் பாரத்தைப் போல இரண்டு மடங்கு திறனுள்ளதாக வாங்குவது நல்லது. மேலே கண்ட டிரெய்லருக்கு 5 டன் ஜாக்கி பொருத்தம். பாதை சரிவாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2. இறக்கிய உயரம்: பலர் ஏமாறுவது இதில்தான். காற்று இறங்கிய சக்கரத்தில் அச்சு தாழ்ந்துவிடும். நல்ல சக்கரத்தில் அளந்து வாங்கிய ஜாக்கி, வேண்டிய நேரத்தில் அச்சின் அடியில் நுழையாது. ஆகவே வெற்று டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டு, தரையிலிருந்து அச்சின் அடிவரை அளக்க வேண்டும். அதில் அடிக்கட்டையின் கனத்தைக் கழித்தால் கிடைப்பதே ஜாக்கிக்கு உள்ள இடம். பாரம் ஏறியிருக்கும்போது டயர் இன்னும் நசுங்கும் என்பதால், மேலும் இரண்டு மூன்று செ.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

3. ஏறும் உயரம்: காற்று நிரம்பிய மாற்றுச் சக்கரத்தை மாட்டத் தேவையான உயரத்துக்குத் திருகு ஏற வேண்டும். 15 செ.மீ. ஏற்ற வேண்டுமானால் 8 மி.மீ. மரையில் சுமார் 19 சுற்று சுற்ற வேண்டிவரும்.

4. மரை: மரையின் முகடுகள் சதுரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். திருகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் அதிக ஆட்டம் இருக்கக் கூடாது.

5. கம்பி: ஜாக்கியோடு வந்த கம்பியையே பயன்படுத்த வேண்டும். அது தொலைந்தால் அதே பருமன், அதே நீளத்தில் எஃகுக் கம்பி செய்துகொள்ள வேண்டும்.

தரை தாங்குமா?

ஜாக்கியின் அடிவட்டம் 15 செ.மீ. அகலம் என்றால் அதன் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. 2,250 கிலோ பாரம் அதன் மேல் வந்தால், ஒவ்வொரு சதுர செ.மீட்டர் மண்ணின் மேலும் சுமார் 13 கிலோ அழுத்துகிறது. வரப்பு மண்ணோ வண்டிப் பாதையோ இதைத் தாங்காது. ஜாக்கி தரைக்குள் இறங்கும். அதுவும் நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும்.

45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள கட்டையை அடியில் போட்டால் அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 1.7 கிலோவாகக் குறைகிறது. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமானால் 0.8 கிலோதான். எனவே கட்டை கைவசம் இருப்பது ஜாக்கி இருப்பதற்குச் சமமான அவசியம். கட்டையின் கனம் 8 செ.மீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய பலகை நடுவில் வளைந்துவிடும். அகலமான ஒரே கட்டை கிடைக்காவிட்டால் சிறு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, அவற்றுக்குக் குறுக்கே மற்றொரு அடுக்கு வைக்கலாம். வேம்பு, கருவேலம் போன்ற உறுதியான மரம் நல்லது. வெடிப்பு விட்ட மரமும், கரையான் அரித்த மரமும் உதவா.

செங்கல், சிமெண்டுக் கல், கருங்கல் சல்லி ஆகியவற்றை ஜாக்கியின் அடியில் வைக்கக் கூடாது. மரம் முறியும் முன் நெரிந்து சத்தம் கொடுக்கும். கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

தரையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் செருப்பில்லாமல் ஒரே குதிகாலில் நின்றால், மண்ணின் மேல் சதுர செ.மீட்டருக்குச் சுமார் 1.5 கிலோ அழுத்தம் வரும். குதிகால் பதியாவிட்டால் சிறிய கட்டை போதும். சிறிது பதிந்தால் பெரிய கட்டை தேவை. ஆழமாகப் புதைந்தால் அந்த இடத்தில் ஜாக்கி வைக்கவே கூடாது. பாரத்தை இறக்கிவிட்டு, மெதுவாகக் கெட்டியான இடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். டயர் கெட்டாலும் பரவாயில்லை. டயரை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சக்கரம் மாற்றும் முறை

கரும்பு வெட்டுக் காலத்தில் இரவு நேரத்தில் சாலையில் டயர் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்கு நேரமாகிறது, பின்னால் வண்டிகள் வருகின்றன, ஓட்டுநருக்கு அவசரம். அவசரப்படும் இந்த நேரத்தில்தான் கீழ்க்கண்ட வரிசையைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவதாக, வண்டியைச் சாலையை விட்டு எவ்வளவு ஒதுக்க முடியுமோ அவ்வளவு ஒதுக்க வேண்டும். வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி தூரத்திலேயே எச்சரிக்கை முக்கோணமோ விளக்கோ வைக்க வேண்டும். சாலையில் கற்களை அடுக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேலை முடிந்ததும் அந்தக் கற்களை அப்படியே விட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு இருட்டில் வரும் சைக்கிள்காரரோ மோட்டார் சைக்கிள்காரரோ அவற்றில் மோதி விழுகிறார். நம் வேலைக்கு வைத்த கல்லை நாமே எடுத்துப் போடுவது கடமை.

இரண்டாவதாக, டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றக் கூடாது. கொக்கி மாட்டியபடியே இருக்கட்டும். இஞ்சினை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, கீழ் கியரில் விட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, நல்ல சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போட வேண்டும். டிராக்டரின் பின்சக்கரங்களுக்கும் அவ்வாறே போட வேண்டும்.

நான்காவதாக, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு நட்டைத் தளர்த்த முயன்றால், ஸ்பேனரை உதைக்கும் வேகத்தில் டிரெய்லர் ஆடி ஜாக்கி சரியும்.

ஐந்தாவதாக, அடிக்கட்டையைச் சமமாகப் பதித்து, அச்சின் கீழே சக்கரத்துக்கு அருகில் ஜாக்கியை நேராக நிறுத்த வேண்டும். இரும்பும் இரும்பும் வழுக்கும் என்பதால், தொப்பிக்கும் அச்சுக்கும் இடையே கெட்டியான மரத்துண்டு ஒன்றை வைக்கலாம். தொப்பி அச்சைத் தொட்டதும் நிறுத்தி, எதிரிலும் பக்கத்திலும் நின்று ஜாக்கி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. சாய்வாக இருந்தால் இறக்கி மீண்டும் வைக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்கக் கூடாது.

ஆறாவதாக, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஏற ஏற, டிரெய்லர் சட்டத்தின் கீழே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வர வேண்டும். கட்டைகளை நீட்டிப் பிடித்து உள்ளே தள்ள வேண்டுமே தவிர, உடம்பைக் கீழே நுழைக்கக் கூடாது. சட்டத்துக்கும் அடுக்குக்கும் இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் இருக்கக் கூடாது. வேண்டிய உயரம் வந்ததும் ஜாக்கியைச் சிறிது இறக்கி, பாரம் கட்டை அடுக்கின் மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். கம்பியை உருவி எடுத்துவிட வேண்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் கீழே படுக்கப் போட்டால் அது இன்னொரு காவல்.

ஏழாவதாக, புதுச் சக்கரத்தை மாட்டியதும் நட்டுகளைக் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிர் நட்டாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கட்டைகளை எடுத்துவிட்டுச் சக்கரத்தைத் தரையில் இறக்கிய பின் இறுதியாக இறுக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை நின்று நட்டுகளை மீண்டும் சோதிப்பது நல்லது.

பாரம் ஏற்றிய டிரெய்லரை, இறக்க வசதி இருந்தால் பாதியாவது இறக்கிவிட்டுத் தூக்குவதே சிறந்தது. ஜாக்கி அச்சின் அடியில் நுழையாவிட்டால், காற்று இறங்கிய சக்கரத்தின் முன்னே 8 செ.மீ. கனமுள்ள கட்டையைப் போட்டு, டிராக்டரை மெதுவாக இழுத்துச் சக்கரத்தை அதன் மேல் ஏற்றினால் இடம் கிடைக்கும். முட்டுக்கட்டைகளை அதற்குப் பின்னரே போட வேண்டும்.

டிராக்டரைத் தூக்கும்போது

டிராக்டரின் பின்சக்கரத்தைக் கழற்றும்போது மேலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

டிராக்டரைக் கியரில் விட்டிருப்பதால் நகராது என்று பலர் நம்புகின்றனர். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் இந்த நம்பிக்கை பொய்யாகிவிடுகிறது. இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிபரன்சியல், எழும்பிய சக்கரத்தைச் சுழலவிட்டுத் தரையிலுள்ள சக்கரத்தை உருளவிடும். ஆகவே கியரை நம்பாமல் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை போட வேண்டும்.

அடுத்து, முன் அச்சு. மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொடுவதற்காக, முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஊஞ்சல் போல ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் ஒரு பக்கம் தூக்கும்போது, முன் அச்சு அசைந்து கொடுப்பதால் டிராக்டர் முழுவதும் பக்கவாட்டில் சாய இடமுண்டு. எனவே தூக்கும் முன், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதன் எடையும் கூடும். கழற்ற இரண்டு ஆள் அவசியம்.

டிராக்டரின் ஹைட்ராலிக் கையில் தொங்கும் கலப்பைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொழு மாற்றும்போது கலப்பையைத் தரையில் இறக்க வேண்டும், அல்லது கட்டை அடுக்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். தூக்கிய கலப்பையின் கீழே உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது.

டிரெய்லரின் முன்தாங்கி

இருசக்கர டிரெய்லரின் முன்புறம், கொக்கிக்கு அருகில் கைப்பிடி வைத்துச் சுற்றும் தாங்கி ஒன்று இருக்கும். இதுவும் ஒரு திருகு ஜாக்கியே. பல டிரெய்லர்களில் இது துருப்பிடித்துச் சுற்ற முடியாமல் கிடக்கிறது. அதனால் கொக்கியைக் கல்லின் மேல் சாய்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது.

பாரம் முன்புறம் அதிகமாக இருந்தால், ஊசியை உருவியதும் கொக்கி கீழே விழுந்து காலை நசுக்கும். பாரம் பின்புறம் அதிகமாக இருந்தால் கொக்கி மேலே எழும்பி முகத்தில் அடிக்கும். ஆகவே பாரம் ஏற்றிய டிரெய்லரைக் கழற்றும் முன், தாங்கியை அடிக்கட்டையின் மேல் இறக்கி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே ஊசியை உருவ வேண்டும். பாரம் ஏற்றும்போதும் எடை சற்று முன்புறமாக இருக்கும்படி பரப்புவது நல்லது.

கொட்டகைக் கால் மாற்றவும் உதவும்

மாட்டுக் கொட்டகையில் ஒரு மரக்காலின் அடி உளுத்துப்போனால் கூரையைப் பிரிக்காமலே மாற்றலாம். மாடுகளை வெளியே கட்டிவிட்டு, உளுத்த காலுக்கு அருகே அடிக்கட்டையும் ஜாக்கியும் வைத்து, ஜாக்கியின் மேல் நிறுத்திய கெட்டியான கம்பத்தால் உத்திரத்தைத் தாங்க வேண்டும். கம்பம் நழுவாமல் கயிற்றால் உத்திரத்தோடு கட்ட வேண்டும். கால் தளரும் அளவுக்கு ஒன்றிரண்டு செ.மீ. தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் பக்கத்துக் கால்களின் பொருத்துகள் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் முட்டு நிறுத்திய பிறகே பழைய காலை எடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

பெரிய கட்டடங்களையே திருகு ஜாக்கிகள் தூக்கிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரம் ஏரிக்கரையில் தாழ்வாக அமைந்ததால் சாக்கடை வடிய வழியில்லாமல் இருந்தது. எனவே தெருக்களை உயர்த்தி, கட்டடங்களையும் அதற்கேற்ப உயர்த்தினர். 1860ஆம் ஆண்டு லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள கட்டட வரிசை ஒன்றை, சுமார் 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு 600 பேர் ஐந்து நாட்களில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினர். கடைகளில் வியாபாரம் நிற்கவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் சமமாகச் சிறிது சிறிதாகத் திருகியதே அதன் இரகசியம். ஒரே உத்திரத்துக்கு இரண்டு ஜாக்கி வைக்கும் விவசாயியும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் குரல் கொடுக்க, இரண்டு பக்கமும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பாரம் முழுவதும் அந்த ஜாக்கியின் மேலேயே விழும். குடியிருக்கும் வீட்டைத் தூக்குவதோ பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பராமரிப்பு

திருகு ஜாக்கிக்கு வேண்டிய பராமரிப்பு மிகக் குறைவு. ஆண்டுக்கு இருமுறை, அறுவடைக்கு முன்பாகத் திருகை முழுவதும் வெளியே எடுத்து மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, துணியால் துடைத்துக் கிரீஸ் தடவ வேண்டும். நட்டின் உட்புறத்தையும், தொப்பியின் அடியையும் மறக்கக் கூடாது. பழைய கிரீஸின் மேலேயே புதுக் கிரீஸ் தடவினால், அதில் ஒட்டியிருக்கும் மணல் மரையை அரம் போல அராவிவிடும். திருகை முழுவதும் இறக்கி, கோணியில் சுற்றி, டிரெய்லர் பெட்டியில் வைக்க வேண்டும். அடிக்கட்டை, முட்டுக்கட்டைகள், ஸ்பேனர், கம்பி ஆகியவையும் அதே பெட்டியில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஜாக்கி வழியில் உதவாது.

மரை முகடு கத்தி போல மெலிந்துவிட்டாலும், கூட்டில் மயிரிழை வெடிப்பு கண்டாலும், திருகு சிறிதளவு வளைந்தாலும் அந்த ஜாக்கியை ஒதுக்கிவிட வேண்டும். வெடித்த கூட்டுக்குப் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து. திருகில் நிறுத்தக் குறி இருந்தால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. குறி இல்லாத ஜாக்கியில், திருகின் நீளத்தில் நான்கில் ஒரு பங்காவது உள்ளே இருக்கும்படி அளந்து, சிவப்பு வர்ணத்தால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுநருக்கும் கூலியாட்களுக்கும், வீட்டில் டிராக்டர் பழகும் பிள்ளைகளுக்கும் இந்த முறையை ஒருமுறை பகலில், வெற்று டிரெய்லரை வைத்துச் செய்து காட்டுவது நல்லது. நாலு கட்டைகளை வெட்டி வைக்க அரை நாள் போதும். இருட்டில், மழையில், அவசரத்தில் டயர் மாற்ற நேரும் அன்று, டிரெய்லரின் கீழே கையை நீட்டும் ஆளின் உயிரை அந்தக் கட்டைகள் காக்கும். தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்குக் கட்டை என்பதை விவசாயிகள் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.